ஒன்பது இளஞ்சாத்தன்கள்

"மூஞ்சியப் பாத்துச் சொல்ல முடியாதுங்க ஐயா, வேற ஏதாச்சும் அடையாளம் இருந்தா யோசிச்சுக்கிட்டே வாங்க" என்று அந்தக் காவலர் போனில் சொன்னார், நானும் யோசித்துக்கொண்டே போகிறேன், யோசிப்பதற்கு ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது, இடது கைக் கட்டைவிரல், நுனி இல்லாத கட்டைவிரல், ஆறு வயதில் அச்சு இயந்திரத்துக்குக் கொடுத்தது. பேருந்து நிலையத்துக்கு இளஞ்சாத்தன் பெயரைச் சூட்டு என்று நோட்டீஸ் அடித்துக்கொண்டிருந்தோம், என் பையன் தன் பெயர் பெரிய எழுத்தில் வருவதைப் பார்க்கக் கையை நீட்டினான், மிதிக்கிற காலை நான் எடுக்கவில்லை, எடுத்தேன், ஒரு நொடி பிந்தி எடுத்தேன். அன்று மாலைக்குள் நோட்டீஸ் வெளியே போய்விட்டது. அதை எத்தனை மேடையில் பெருமையாகச் சொல்லியிருப்பேன். வில்லவன் மகன் ரத்தம் சிந்திக் கிடைத்த பெயர் என்று. இன்று காலை பத்து மணிக்கு இட்லியைப் பிட்டுக்கொண்டிருந்தபோது போன் அடித்தது, பிட்ட துண்டு இன்னும் தட்டில்தான் இருக்கும், கையைக் கழுவினேனா என்று தெரியவில்லை, விரலில் சட்னி காய்ந்திருக்கிறது. நாற்கரச் சாலை, காலை ஏழு மணி, லாரி, இருசக்கர வண்டி. போன் நொறுங்கிவிட்டதாம். சட்டைப் பையில் வாக்காளர் அட்டை மட்டும் இருந்ததாம், அதிலும் படமும் விலாசமும் ரத்தத்தில் ஊறிப்போய்ப் பேரும் வயதும் ஊரும் மட்டும் தெரிகிறதாம். "பேரு மு. இளஞ்சாத்தன், அப்பா பேரு முகிலூரார். முகிலூரார்னு யாராச்சும் இருக்காங்களாய்யா?" "அவர் இறந்து எழுபது வருஷம் ஆச்சு." "அது எப்படிங்க, எறந்தவருக்கு நாப்பத்தாறு வயசுதானே போட்டிருக்கு." "முகிலூரார் கவிஞர், தம்பி." "சரிங்கய்யா, உங்க ஊர் ஸ்டேஷன்ல கேட்டேன், இளஞ்சாத்தன்னா வில்லவன் ஐயா மகனாத்தான் இருக்கணும்னாங்க, அதான் கூப்பிட்டேன். பெரியாஸ்பத்திரி மார்ச்சுவரிக்கு வந்துருங்க." இருக்கணும் என்றால் என்ன. இருக்கலாம் என்றுதானே சொல்லியிருக்க வேண்டும். நாற்பது ஆண்டுகள் ஒவ்வொரு சொல்லையும் பிடித்துக்கொண்டு சண்டை போட்டவன் நான், கலெக்டர் சொன்ன ஒரு 'பரிசீலிக்கப்படும்' என்ற சொல்லுக்காக மூன்று நாள் வாசலில் உட்கார்ந்தவன், அந்தக் காவலரிடம் திருப்பி ஒரு வார்த்தை கேட்க வரவில்லை.

பதினான்காம் நம்பர் பேருந்து, வலப்பக்க ஜன்னல், வெயில் முழங்காலில் விழுகிறது, பாதம் மட்டும் குளிர்கிறது. தடியடியில் மண்டை உடைந்தபோதுகூட இப்படிக் குளிர்ந்ததில்லை. "பெரியாஸ்பத்திரி ஒண்ணு" என்றேன். கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே பின்னால் யாரையோ பார்த்துக் கத்துகிறார், "எந்த முகிலூராரும்மா? பழைய முகிலூராரா, புது முகிலூராரா? முகிலூரார்னு மொட்டையாச் சொன்னா நான் எங்க எறக்கி விட?" சிரிக்கிறார்கள். பழைய முகிலூரார் என்றால் மில் வாசலில் இருக்கும் நகர். புது முகிலூரார் என்றால் பைபாஸ் பக்கம் போட்ட மனைகள். அதற்கப்புறம் முகிலூரார் வளைவு, முகிலூரார் மேம்பாலம், மேம்பாலத்துக்குக் கீழே முகிலூரார் மட்டன் ஸ்டால், செங்கயல் மகளிர் பள்ளி, செங்கயல் பியூட்டி பார்லர், இளஞ்சாத்தன் பேருந்து நிலையம், அதன் பின்புறச் சுவரில் மூத்திர நாற்றம். எல்லாம் நாங்கள், மில் சங்கத் தோழர்கள், வாங்கிக் கொடுத்த பெயர். மூன்று பேர் கொண்ட ஒரு குடும்பம், தகப்பன் முகிலூரார் கவிதையும் நாடகமும் எழுதினார், மகள் செங்கயல் மில் பெண்களைப் பற்றிக் கதை எழுதினாள், மகன் இளஞ்சாத்தன் பாதி நாவலோடு இருபத்தேழு வயதில் மஞ்சள் காமாலையில் போனான். நாலணாப் பிரசுரத்தில் படித்தேன், பதினாறு பக்கம், ஸ்பின்னிங் செக்‌ஷனில் மதியச் சாப்பாட்டு நேரத்தில், அதுதான் என் பள்ளிக்கூடம், அதுதான் என் காலேஜ். அவர்கள் எழுதிய புத்தகங்களைப் பிறகு தேடிப் படித்தேனா. படித்தேன். சிலது. போராட்டம் இருந்தது, நேரம் இல்லை. நாடகம் ஒன்றில் முதல் அங்கத்தைத் தாண்டியதில்லை, இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, இன்று ஏன் இந்த ஜன்னலோரத்தில் ஞாபகம் வருகிறது. கட்டைவிரல். கட்டைவிரலை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிட வேண்டும். லாரி ஏறியது கையிலாக இருந்தால்? அதைக் கேட்காமல் விட்டேனே. முகம் என்றுதானே சொன்னார். முகம் மட்டும்தான். வளைவு வந்துவிட்டது, பேருந்து நிற்கிறது, வளைவின் மேல் ஒரு பெரிய ஃப்ளெக்ஸ், எங்கள் குலத்தின் மாணிக்கம் முகிலூரார் என்று ஒரு சாதிச் சங்கம் வைத்திருக்கிறது, முகிலூராருக்கு முறுக்கு மீசை, கையில் வாள். பிரசுரத்தின் அட்டையில் இருந்தவர் மீசையில்லாத, கண்ணாடி போட்ட, இருமல்காரர் போன்ற ஒரு மனிதர். யார் மீசை வைத்தது. இறங்கிப் போய்க் கிழித்திருப்பேன், போன வருஷமாக இருந்தால், போன மாதமாக இருந்தால். உட்கார்ந்திருக்கிறேன். பேருந்து நகர்கிறது, மீசை என் தலைக்கு மேலே போகிறது.

ஒன்பது. அதைத்தான் எண்ணிக்கொண்டு வருகிறேன். அந்த அட்டை ஒன்பது பேரில் யாருடைய சட்டைப் பையிலும் இருந்திருக்கலாம். முகிலூரார் நூற்றாண்டு மாநாடு, மில் மைதானம், குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தோழர்கள் மேடைக்கு வருவது வழக்கம், பேச்சாளர் பெயர் வைக்க வேண்டும், அன்றைக்கு நான்தான் பேச்சாளர். பெண் பிள்ளை வந்தால் செங்கயல், ஆண் பிள்ளை வந்தால் இளஞ்சாத்தன், எனக்கு வேறு பெயர் தெரியாதா என்ன, தெரியும், ஆனால் ஒவ்வொரு முறை அந்தப் பெயரைச் சொன்னபோதும் கூட்டம் கை தட்டியது, மூன்றாவது இளஞ்சாத்தனுக்கு முதலாவதைவிட அதிகம் தட்டியது, ஏழாவதுக்கு விசிலே அடித்தார்கள், நான் நிறுத்தவில்லை. ஒன்பதாவதாக என் மனைவி மரகதம் ஏறி வந்தாள், இருபது நாள் பிள்ளை. "வேற பேரு வையுங்க" என்றாள் என் காதுக்குள், "எட்டுப் பேருக்கு வச்ச பேரை நம்ம புள்ளைக்கும் வைக்காதீங்க." நான் மைக்கைப் பிடித்து, "என் துணைவியார் என் மகனுக்குத் தனிச் சொத்துக் கேட்கிறார்" என்றேன். மைதானமே சிரித்தது. அவளும் சிரித்தாள், சிரித்துக்கொண்டே இறங்கினாள், அப்புறம் சாகும்வரை அவனை ராசு என்றுதான் கூப்பிட்டாள். ஆறாவது பிள்ளையைத் தூக்கி வந்தது பஞ்சுக் கழிவு அள்ளுகிற சடையன். அவன் பெண்சாதி பேச்சியம்மாள் பிள்ளையின் காலை எடுத்து எனக்குக் காட்டினாள், "பாருங்க அண்ணாச்சி, ரெண்டு வெரலும் ஒட்டிக்கிட்டே பொறந்திருக்கான், பெருவெரலுக்கு அடுத்து." அதையும் விடவில்லை நான், அந்தப் பிஞ்சுக் காலை மைக் பக்கத்தில் தூக்கிப் பிடித்து, "தாய் வயிற்றிலேயே சங்கம் வைத்துவிட்டு வந்திருக்கிறான்" என்றேன். கை தட்டல் அடங்க ஐந்து நிமிஷம். பிறகு ஐந்து வருஷம் கழித்துப் பள்ளிச் சேர்க்கை, ஒன்பது பேரையும் ஒரே நாளில் ஊர்வலமாக அழைத்துக்கொண்டு போனேன். தகப்பன் பெயரில்தான் சாதி ஒளிந்திருக்கிறது, அதுதான் என் வாதம், அது பிழையான வாதம் என்று இன்றைக்கும் எவனும் எனக்குச் சொல்ல முடியாது, சடையன் என்று எழுதினால் எந்தத் தெரு என்று வாத்தியாருக்குத் தெரிந்துவிடும், பெஞ்சில் எங்கே உட்கார வைப்பது என்று முடிவு செய்துவிடுவார். ஒன்பது பேருக்கும் தகப்பன் பெயர் முகிலூரார் என்று எழுதுங்கள், இனிஷியல் மு, பிறந்த நாள் மாநாட்டு நாள், என்று ஹெட்மாஸ்டர் மேசையில் அடித்துச் சொன்னேன். பயந்துகொண்டு எழுதினார். சடையன் துண்டைக் கையில் சுருட்டி வைத்துக்கொண்டு கதவோரம் நின்றான், "அப்ப எம்பேரு எங்கயும் வராதா அண்ணாச்சி?" என்று கேட்டான். கோபமாகக் கேட்கவில்லை, சந்தேகம் கேட்கிற மாதிரிதான் கேட்டான். "உன் பேரைவிடப் பெரிய பேர் கிடைச்சிருக்குப்பா" என்றேன். தலையாட்டினான். அவனுக்கு என்மேல் அவ்வளவு நம்பிக்கை.

"ஆஸ்பத்திரிக்கா போறீக?" என்று பக்கத்தில் ஒரு அம்மாள் உட்காருகிறாள், பிளாஸ்க்கும் தூக்குவாளியும் மடியில். ஆமாம் என்றேன். "எம்மகளுக்குப் பிரசவம், நேத்து பொறந்துச்சு, பொம்பளப் புள்ள. செங்கயல்னு வைக்கணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறா." என் நெஞ்சில் ஏதோ புரண்டது, இந்த நேரத்திலும் புரண்டது பாருங்கள், "யாரம்மா செங்கயல்?" என்று கேட்டேன். "ராத்திரி ஏழு மணிக்கு வாராளே, சீரியல்ல, மாமியாக்காரிக்கு வெசம் வச்சாளே, அவதான்." நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். "என்ன மொகமெல்லாம் வேர்த்து வழியுது ஒங்களுக்கு, யாருக்கு முடியல?" என் மகனுக்கு என்று சொல்ல வாயெடுத்தேன், சொன்னால் அது நடந்ததாகிவிடும் போலிருந்தது, "தெரிஞ்சவருக்கு" என்றேன். தெரிஞ்சவர். பதினொரு வருஷமாகப் பேச்சில்லை, போன் நம்பர்கூடக் கிடையாது, ஓசூரில் ஏதோ கம்பெனி என்று கேள்வி, தெரிஞ்சவர் என்பதே அதிகம். மரகதத்தின் காரியம் முடிந்த பதினாறாம் நாள், அரசிதழில் பெயர் மாற்றுகிற விண்ணப்பத்தை என் முன்னால் வைத்தான். "உங்ககிட்ட அனுமதி கேக்கலப்பா, சொல்லிட்டுச் செய்யணும்னு வந்தேன். ஒரு இளஞ்சாத்தன் லோன் கட்டலைன்னா எனக்கு நோட்டீஸ் வருது. ஒரு இளஞ்சாத்தன் அடிதடியில மாட்டுனா என்னைக் கூப்பிட்டு விசாரிக்கிறான். பாஸ்போர்ட் ஆபீஸ்ல உங்கப்பா டெத் சர்டிபிகேட் எங்கன்னு கேக்குறான். நீங்க உசுரோட உக்காந்திருக்கும்போதே எனக்கு அப்பா இல்லப்பா." துரோகி என்றேன். ஊருக்கே பெயர் வாங்கிக் கொடுத்தவன் வீட்டில் பெயரைத் தொலைக்கிறாயா என்றேன். அந்தத் தாளை நாலாகக் கிழித்தேன், எட்டாகக் கிழித்தேன். அவன் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னான், "கிழிங்க. அது ஜெராக்ஸ்தான்."

ஜெராக்ஸ். இத்தனை வருஷமாக அந்தச் சொல்லை நினைத்து நினைத்துப் பல்லைக் கடித்திருக்கிறேன், திமிர் என்று நினைத்தேன், இப்போது அந்தச் சொல்லைத்தான் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருக்கிறேன். ஜெராக்ஸ் என்றால் அசல் அவனிடம் இருந்திருக்கிறது. அசல் இருந்தால் அனுப்பியிருப்பான். அனுப்பியிருந்தால் அவன் இப்போது வேறு யாரோ, ராசுவோ ராஜனோ, ஏதோ ஒரு மொழியில் ஏதோ ஒரு பெயர், எனக்குப் பிடிக்காத பெயராகவே இருக்கட்டும், சாமி பெயராகவே இருக்கட்டும், அந்த அட்டையில் இருக்கும் பெயர் அவனுடையதில்லை. அனுப்பியிருக்க வேண்டும். இல்லை, சோம்பேறி, எதையும் நாளைக்கு என்று தள்ளிப்போடுவான், சின்ன வயதிலிருந்தே அப்படி. இல்லை, என்மேல் இருந்த கோபத்துக்கு மறுநாளே அனுப்பியிருப்பான். அவ்வளவு கோபம் இருந்ததா? இருந்திருக்க வேண்டும், நான் நன்றாகத்தானே திட்டினேன், துரோகி என்பதோடு நிறுத்தவில்லையே, அம்மா செத்ததைக்கூட இழுத்தேனே, அது போதாதா ஒரு தாளைத் தபாலில் போட. கடவுளை வேண்டிக்கொள்கிறவனாக இருந்தால் இதற்கு ஒரு வழி இருந்திருக்கும். எனக்கு வேண்டிக்கொள்ளத் தெரியாது, கோரிக்கை வைக்கத்தான் தெரியும், யாரிடம் வைப்பது. என் மகன் அந்தப் பெயரைத் தூக்கி எறிந்திருக்க வேண்டும் என்பது என் ஒற்றைக் கோரிக்கை. சாலையோரம் நீல நிறப் பலகை ஓடுகிறது, இளஞ்சாத்தன் சாலை, இளஞ்சாத்தன் சாலை, இளஞ்சாத்தன் குறுக்குத் தெரு, ஒவ்வொன்றும் மரணச் செய்தி ஒட்டியது போல. ஒவ்வொன்றுக்கும் மறியல் செய்தவன் நான். "பெரியாஸ்பத்திரி எறங்கு, பெரியாஸ்பத்திரி! பெருசு, எறங்கலையா?"

மார்ச்சுவரி பின்பக்கம், வேப்பமரம், ஒரு சிமென்ட் பெஞ்ச். அந்தக் காவலர் சின்ன வயசுதான், குரலை வைத்து மீசை நரைத்தவர் என்று நினைத்திருந்தேன். "வாங்கய்யா" என்று என் கையைப் பிடித்தார், நான் உதறினேன், பழக்கதோஷம், காவலர் கை வைத்தால் உதறித்தான் பழக்கம், பிறகு நானே அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். உள்ளே பினாயில் நெடி, அதற்கடியில் வேறொரு நெடி. ஊழியர் ஒருவர், காதில் பீடி, "மொகத்தத் தொறக்க வேணாம் பெரியவரே, சொன்னாக் கேளுங்க" என்றார். இடது கை என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. "எந்தக் கை?" "இடது. கட்டைவிரல்." துணியை ஓரமாக ஒதுக்கினார். கை வந்தது. தடித்த, கறுத்த, மேலெல்லாம் சிராய்ப்போடு ஒரு கை, விரல்கள் உள்ளே மடங்கியிருந்தன, அவர் ஒவ்வொன்றாகப் பிரித்தார், கட்டைவிரல் கடைசியாக வந்தது. நகம் இருந்தது. முழு நகம், அடியில் கிரீஸ் அழுக்கு, நுனி முழுசாக. முழுசாக. நான் சிரித்துவிட்டேன். சத்தமாகவே சிரித்துவிட்டேன், மரகதம் மேடையில் சிரித்த மாதிரி இல்லை, வேறு மாதிரி, "இல்லை, இவன் இல்லை, என் பையன் இல்லை" என்று ஊழியரின் தோளைத் தட்டினேன். "சந்தோசம், சந்தோசம்" என்றார் அவர், துணியை இழுத்து மூடினார். காவலர் நோட்டை மூடி, "நல்லதாப் போச்சுய்யா, அலைய விட்டுட்டேன், மன்னிச்சிருங்க, நீங்க கெளம்புங்க" என்றார். கிளம்பினேன். இரண்டு எட்டு வைத்தேன். மேலே இழுத்த துணி கீழே போதவில்லை, கால் இரண்டும் வெளியே நின்றன, வலது காலில் பெருவிரலுக்கு அடுத்த இரண்டு விரல்களும் நகம்வரை ஒட்டியிருந்தன.

இந்தக் காலை நான் தூக்கிப் பிடித்திருக்கிறேன். அதே கால், உள்ளங்கை அகலம் இருந்தது, இப்போது வெடிப்பு விழுந்து, குதிகால் மஞ்சளித்து, செருப்பு வார் பதிந்த வெள்ளைத் தடத்தோடு. என் சிரிப்பு இன்னும் அந்த அறையில் இருந்தது, எங்கே போகும், கதவு சாத்தியிருக்கிறதே. காவலர் பின்னாலேயே வந்து, "என்னய்யா, தெரிஞ்சவரா?" என்றார். தெரிஞ்சவர். பேருந்தில் நான் சொன்ன அதே சொல். "எழுதுங்க தம்பி. தகப்பன் பெயர் சடையன். தாய் பேச்சியம்மாள். பழைய மில் லைன் வீடு, முகிலூரார் நகர்." அவர் அட்டையைத் திருப்பிப் பார்த்தார், "அட்டையில முகிலூரார்னுல்ல போட்டிருக்கு?" "அது நான் போட்டது." "நீங்களா?" "ஆமா. அடிச்சிட்டு எழுதுங்க. ச. இளஞ்சாத்தன், தகப்பன் பெயர் சடையன்." நான் என்னவோ புத்தி தடுமாறிப் பேசுகிறேன் என்று நினைத்திருப்பார், இருந்தாலும் எழுதினார், எழுத்துக் கூட்டி மெதுவாக, ச-டை-யன், நாற்பது வருஷத்துக்குப் பிறகு அந்தப் பெயர் அந்தப் பையனுக்கு நேராக ஒரு தாளில் ஏறியது, அது இந்தத் தாள். "அப்ப உங்க மகன் பேரும் இதேதானேய்யா?" என்றார், சும்மா, பேச்சுக்கு. "தெரியாது தம்பி" என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "அவுக வீட்டு நம்பர் இருக்கா? நான் பேசவா, நீங்க பேசுறீங்களா?" சட்டைப் பையில் சின்ன டைரி, 'ச' பக்கம், எட்டு ஒன்பது என்று தொடங்கும் நம்பர். மே தினத்துக்கு மே தினம் சடையன்தான் கூப்பிடுவான், நான் கூப்பிட்டதில்லை. நான் பேசுகிறேன் என்றேன். நான்தான் பேச வேண்டும். மூவாயிரம் கூட்டம் பேசியவன், மைக் இல்லாமல் கடைசி வரிசைக்குக் கேட்கப் பேசியவன். வேப்பமரத்தடி பெஞ்சில் உட்கார்ந்து நம்பரை அழுத்தினேன். மணி அடிக்கிறது. எடுக்காமல் இருக்கட்டும். எடுத்துவிட்டான், பின்னால் பேச்சியம்மாள் பாத்திரம் கழுவுகிற சத்தம், "ஆரு, நம்ம வில்லவன் அண்ணாச்சியா?" என்கிறான், அவளிடம் திரும்பி, "ஏய், அண்ணாச்சி கூப்பிடுறாரு, தண்ணியக் கொஞ்சம் நிப்பாட்டு." தண்ணீர் நின்றது. "சொல்லுங்கண்ணாச்சி" என்றான் சடையன், "சொல்லுங்க, கேக்குது."